காவலில்லா வானம்

போர் மூள்வது ஓரிடத்தில்; ஆயுதங்களைப் புதுப்பிக்கும் பரபரப்பு எழுவது அதன் அண்டை நாடுகள் அனைத்திலும். வரலாறு மீண்டும் மீண்டும் காட்டும் காட்சி இது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் ரஷ்யப் படைகள் உக்ரைன் மண்ணில் பெருமளவில் நுழைந்தன. மூன்றே நாட்களில் ஜெர்மனி தன் படைகளைப் புதுப்பிக்க 10,000 கோடி யூரோ சிறப்பு நிதியை அறிவித்தது. அடுத்த மாதமே, முதுமையெய்திய தன் டொர்னாடோ விமானங்களுக்கு மாற்றாக அமெரிக்காவின் எஃப்-35 விமானங்களை வாங்க முடிவு செய்தது. செக் குடியரசு 2024 ஜனவரியில் அதே வகையில் 24 விமானங்களுக்கு ஒப்பந்தமிட்டது. டென்மார்க்கும் நெதர்லாந்தும் தம்மிடமிருந்த எஃப்-16 விமானங்களை உக்ரைனுக்கு வழங்கிவிட்டுத் தாம் புதியவற்றுக்கு மாறின.

இச்செய்திகளைப் படிக்கும் நம்மவர், “இது ஐரோப்பியர் பாடு, நமக்கென்ன?” என்று கேட்கக்கூடும். ஆனால், போர் வந்தபின் வானப்படையைப் புதுப்பிக்க ஓடுவது என்றால் என்ன, அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுப்பவர் யார் என்பதை நம் கடற்கரை மக்கள் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அதற்குச் சான்றாக ஒரு விமானதளம் இன்றும் நம் அருகில் இருக்கிறது. தஞ்சாவூருக்குத் தெற்கே புதுக்கோட்டைச் சாலையை ஒட்டி அமைந்த விமானப்படைத் தளமே அது. அத்தளத்தின் கதையைச் சொல்லுமுன், வானிலிருந்து குண்டு வீசும் வழக்கம் எங்கே பிறந்தது என்பதை நினைவுகூர்தல் நலம்.

முதற்குண்டு விழுந்த மண்

ஹிஜ்ரி 1329, அதாவது கி.பி. 1911. உஸ்மானிய சுல்தானின் ஆளுகையிலிருந்த திரிப்போலியை இத்தாலி தாக்கியது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் ஜூலியோ கவோத்தி என்னும் இத்தாலிய அதிகாரி தம் விமானத்தில் பறந்து, தாஜூரா, ஐன் ஸாரா ஆகிய இடங்களின் மீது நான்கு சிறு குண்டுகளைக் கையாலேயே எடுத்து வீசினார். விமானத்திலிருந்து போரில் குண்டு வீசப்பட்டது உலக வரலாற்றில் அதுவே முதல் முறை. பேரீச்சைத் தோப்புகளின் நிழலில் இருந்த அந்த அரபு மண்ணில் எதிர்த்துப் பறக்க உஸ்மானியரிடம் ஒரு விமானமும் இல்லை.

இதைக் கண்ட ஐரோப்பா என்ன செய்தது? பிரான்ஸ் 1912 மார்ச் மாதத்தில் தன் இராணுவ விமானப் பிரிவைச் சட்டத்தால் நிறுவியது. பிரிட்டன் அதே ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ‘ராயல் ஃப்ளையிங் கோர்’ என்னும் வானப்படையைத் தோற்றுவித்தது. உஸ்மானியரும் அவ்வாண்டே இஸ்தான்புல்லை அடுத்த யெஷில்கோயில் விமானப் பயிற்சிப் பள்ளியைத் திறந்தனர். இப்படைகளை அமைக்கும் முயற்சிகள் முன்பே தொடங்கியிருந்தன என்பது உண்மை. எனினும் வானம் ஒரு போர்க்களமாகிவிட்டது என்பதில் திரிப்போலிக்குப் பின் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. காவலில்லா வானத்தின் கீழ் வாழும் மக்களுக்கு என்ன நேரும் என்பதும் அன்றே தெரிந்துபோயிற்று.

158 விமானங்கள்

இனி நம் கடற்கரைக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஜனவரியில்தான் உருவானது. 1941இல் உள்நாட்டுப் பகுதி தொண்டைமான் மன்னரின் சமஸ்தானம். கடலோரமோ பிரிட்டிஷ் இந்தியா. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் ஆகிய ஊர்களும், அவற்றுக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள பட்டினங்களும் கடலையே வாழ்வாகக் கொண்டவை. இக்கரையோர முஸ்லிம்கள் ‘சபுர்’ என்று சொல்லிக் கப்பலேறுவர். பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு என்னும் பெயர்கள் இவ்வூர்ப் பெண்களின் நாவில் பக்கத்து ஊர்ப் பெயர்களைப்போல் புழங்கின. கணவன் பினாங்கில் கடையில் இருப்பான். மாதந்தோறும் வரும் மணியார்டரே இங்கே அடுப்பெரியச் செய்யும். பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அந்த உறவின் பழமைக்கு இன்றும் சான்று.

இம்மக்களின் தலைக்கு மேலிருந்த வானத்தைக் காக்கும் பொறுப்பு லண்டனில் இருந்தது. 1940ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படைத்தலைமை கணக்கிட்டுப் பார்த்தது. மலாயாவையும் சிங்கப்பூரையும் காக்க 336 புத்தம்புதிய போர்விமானங்கள் வேண்டும் என்று கண்டது. அங்கிருந்த தளபதிகளோ அதுவும் போதாது என்றனர். 1941 டிசம்பரில் போர் மூண்டபோது அங்கே களத்தில் இருந்தவை ஏறத்தாழ 158. அவற்றிலும் பல காலங்கடந்தவை. ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் முதலிய நல்ல வேட்டை விமானங்கள் முதலில் இங்கிலாந்துக்கு, பிறகு மத்திய தரைக்கடல் போர்க்களத்துக்கு, அதன்பின் ரஷ்யாவுக்கு என்று பங்கிடப்பட்டன. கீழ்த்திசைக்குக் கிடைத்தது ப்ரூஸ்டர் பஃபலோ என்னும் அமெரிக்க விமானம். ஐரோப்பியக் களத்துக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்டது அது.

கப்பல்களைத் தாக்குவதற்கென சிங்கப்பூரில் இருந்தவையோ இன்னும் பழையவை. விக்கர்ஸ் வில்டபீஸ்ட் என்னும் பெயருடைய அவ்விமானம் முதலில் பறந்தது 1928இல். இரண்டடுக்கு இறக்கைகள், ஒற்றை எஞ்சின், விமானிக்குத் திறந்த இருக்கை. 36ஆம், 100ஆம் எண்ணுள்ள இரண்டு ஸ்குவாட்ரன்கள் இவ்விமானங்களை வைத்துக்கொண்டு ஜப்பானியரை எதிர்நோக்கியிருந்தன. இவற்றுள் 36ஆம் எண்ணை வாசகர்கள் நினைவில் கொள்க.

பினாங்கும் ரங்கூனும்

டிசம்பர் 8ஆம் நாள் போர் தொடங்கியது. 10ஆம் நாள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் குவாந்தான் கடலில் மூழ்கடித்தன. வானிலிருந்து காக்க விமானம் இன்றிச் சென்ற கப்பல்கள் அவை. 11ஆம் நாள் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகருக்கு மேல் விமானங்கள் தோன்றின. அவை நம்முடையவை என எண்ணி மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தனர். குண்டுகள் விழுந்த பிறகே யாருடையவை என்பது விளங்கியது. எதிர்த்துச் சுட நகரில் விமான எதிர்ப்புப் பீரங்கி இல்லை; எதிர்த்துப் பறக்க வானில் ஒரு விமானமும் இல்லை. கடைத்தெருக்களில் பிணங்கள் கிடந்தன. நாட்கணக்கில் எடுத்தடக்க ஆளில்லை.

அதன்பின் நடந்ததை வரலாறு மறைக்கவில்லை. டிசம்பர் நடுவில், இரவோடு இரவாக, பினாங்கிலிருந்த ஐரோப்பியர் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். தமிழர், சீனர், மலாய் மக்கள் ஆகியோருக்கு முன்னறிவிப்பும் இல்லை. கப்பலில் இடமும் இல்லை. கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கும் வேலைகூட, பத்திரிகை ஆசிரியராயிருந்த இலங்கைத் தமிழர் ம. சரவணமுத்துவின் கையில் வந்து விழுந்தது. 19ஆம் நாள் ஜப்பானியர் நகருக்குள் நுழைந்தனர்.

துல்ஹஜ் மாதம் பிறந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், டிசம்பர் 23ஆம் நாள், ரங்கூன் நகர்மீது குண்டுமழை பொழிந்தது. 25ஆம் நாள் மீண்டும் பொழிந்தது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். ஆயிரக்கணக்கானோர் அந்த இரு நாட்களில் மாண்டனர். சிறு தொகையான பஃபலோ விமானங்களும் அமெரிக்கத் தன்னார்வ விமானிகளும் தீரத்துடன் போராடினார்கள் என்பதை மறுக்க முடியாது; எனினும் நகரைக் காக்கும் அளவுக்கு அவர்களிடம் விமானம் இல்லை. துறைமுகக் கூலிகளும் கடைக்காரர்களும் குடும்பத்தோடு காடு மலை கடந்து அஸ்ஸாம் நோக்கி நடந்தனர். இலட்சக்கணக்கில் நடந்த அம்மக்களில் காலராவிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தோர் பலர். கடற்கரை ஊர்களில் மணியார்டர் நின்றது, கடிதம் நின்றது. கணவன் உயிரோடிருக்கிறானா, இத்தா இருக்க வேண்டுமா என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்களின் நிலையை, காணாமற்போனவரைப் பற்றிய ஃபிக்ஹு சட்டங்களைப் படித்தவர்கள் நன்கு உணர்வார்கள்.

எண்டாவிலிருந்து தஞ்சைக்கு

1942 ஜனவரி 13ஆம் நாள் சிங்கப்பூருக்கு 51 ஹரிக்கேன் விமானங்கள் வந்தன. பெட்டிகளில் உறுப்புறுப்பாகக் கட்டப்பட்டு வந்தன. அவற்றைப் பொருத்திப் பறக்கவிடுவதற்குள் பகைவர் மலாயாவின் பெரும்பகுதியைக் கைப்பற்றியிருந்தனர். ஜனவரி 26ஆம் நாள், மலாயாவின் கீழ்க்கரையில் எண்டாவு என்னுமிடத்தில் ஜப்பானியர் படையிறக்கினர். அவர்களைத் தடுக்கப் பட்டப்பகலில் அனுப்பப்பட்டவை அந்தப் பழைய வில்டபீஸ்ட் விமானங்கள்தாம். சென்றவற்றில் ஏறத்தாழப் பாதி திரும்பவில்லை. எஞ்சியோர் ஜாவாவுக்குச் சென்றனர். மார்ச்சில் அத்தீவும் வீழ்ந்தது. 36ஆம் ஸ்குவாட்ரன் அழிந்தேபோயிற்று.

பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானியக் கப்பற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 6ஆம் நாள் ஆந்திரக் கரையில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு கண்டன. 9ஆம் நாள் திருகோணமலை. ஆனால் இலங்கையில் நிலைமை சற்று வேறாக இருந்தது. ஒரு மாதம் முன்பே விமானந்தாங்கிக் கப்பலில் ஹரிக்கேன் விமானங்கள் கொண்டுவரப்பட்டிருந்தன. பகைவரின் வருகையை முந்தியநாளே கண்டு சொல்லக் கடலில் நெடுந்தொலைவு பறக்கும் காட்டலினா விமானமும் இருந்தது. பினாங்கில் ஒன்றுமில்லை, கொழும்பில் ஓரளவு இருந்தது. அந்த ‘ஓரளவு’தான் கொழும்பைக் காத்தது.

சென்னையோ அஞ்சி நடுங்கியது. ஏப்ரலில் படையெடுப்பு வருகிறது என்ற செய்தி பரவ, அரசாங்க அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறினர். அப்போதுதான் தமிழ் மண்ணில் விமானதளங்கள் முளைத்தன. சூலூர், உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு என்று பல ஊர்களில் ஓடுதளங்கள் போடப்பட்டன. தஞ்சைத் தளமும் அப்போர்க்காலத்ததே.

1942 அக்டோபரில், அழிந்துபோன 36ஆம் ஸ்குவாட்ரன் மறுபிறவி எடுத்தது. அது எங்கே தெரியுமா? தஞ்சாவூரில். இம்முறை அதற்குத் தரப்பட்டவை பழைய வில்டபீஸ்ட் அல்ல. அதே விக்கர்ஸ் கம்பெனியின் வெல்லிங்டன் விமானங்கள். இரண்டு எஞ்சின்கள், கடலில் பலமணி நேரம் சுற்றிவரும் ஆற்றல். வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக் கரைவழிக் கப்பல்களைக் காப்பது அவற்றின் பணி. நம் கடற்கரைக்குக் கடைசியில் ஒரு நவீன வானக்காவல் கிடைத்துவிட்டது என்று எண்ணத் தோன்றும்.

எட்டே மாதங்கள்! 1943 ஜூனில் அந்த ஸ்குவாட்ரனை வட ஆப்பிரிக்காவின் அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிட்டனர். மத்திய தரைக்கடலில் அது தேவைப்பட்டது. போர்த்திட்டத்தை வகுப்போருக்கு அதில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் இதை எண்ணிப் பாருங்கள்: மலாயாவின் வானம் வெறுமையாக இருந்ததற்குக் காரணம் ஐரோப்பாவின் தேவை, தஞ்சைக்கு வந்த புதிய விமானங்கள் போனதற்குக் காரணமும் ஐரோப்பாவின் தேவை. விமானத்தின் வயது மாறியது. அதை எங்கே நிறுத்துவது என்று முடிவுசெய்யும் கை மாறவில்லை. அந்தக் கைக்கு நம் கடற்கரை ஒருபோதும் முதற்கவலையாக இருந்ததில்லை.

இக்கட்டுரை சொல்லவரும் ஒரே செய்தி இதுதான். படைக்கலத்தைப் புதுப்பிப்பது பாதி வேலை. அது எவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்பது மறுபாதி. காக்கப்பட வேண்டிய மக்களுக்கு அதில் குரல் இல்லையெனில், எவ்வளவு புதிய விமானமும் அவர்களுக்குப் பயன்படாது.

சொந்தக் கைகள்

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதன் முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1ஆம் நாள் கராச்சியில் நான்கே வாபிட்டி விமானங்களுடன் தொடங்கியது. 1942 தொடக்கத்தில் பர்மா களத்துக்குச் சென்ற இந்திய விமானிகளிடம் இருந்தவை லைசாண்டர் என்னும் வேவு விமானங்கள்; மெதுவாகப் பறப்பவை. தளபதி மஜும்தாரின் தலைமையில் அவர்கள் அவற்றிலேயே குண்டுகளைக் கட்டிக்கொண்டு பகைவர் தளங்களைத் தாக்கினர். பின்னர் ஹரிக்கேன் வந்தது, ஸ்பிட்ஃபயர் வந்தது. போர் முடிகையில் ஒன்பது ஸ்குவாட்ரன்கள் இருந்தன.

அப்போரில் பர்மா களத்தில் பறந்த இளைஞருள் ஒருவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த இத்ரீஸ் ஹசன் லத்தீஃப். 1923இல் பிறந்து 1942இல் அதிகாரியானவர். 1947இல் நாடு பிரிந்தபோது, உடன் பணியாற்றிய முஸ்லிம் நண்பர்கள் பாகிஸ்தான் விமானப்படைக்கு வருமாறு அவரை அழைத்தனர். அவர் இந்தியாவையே தேர்ந்தார். 1978 செப்டம்பரில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார். அப்பதவியை அடைந்த முதல் முஸ்லிம் அவரே. 1965, 1971 போர்கள் முடிந்து, கான்பெரா, ஹண்டர் முதலிய விமானங்கள் முதுமையெய்திக்கொண்டிருந்த காலம் அது. நெடுநாள் இழுபறியில் இருந்த விமானத் தேர்வு அவர் தலைமையேற்ற காலத்தில் முடிவுக்கு வந்தது. பிரிட்டனும் பிரான்சும் கூடிச் செய்த ஜாகுவார் விமானங்களின் முதல் அணி 1979 ஜூலையில் அம்பாலாவில் இறங்கியது. பிறகு அவை பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையிலேயே கட்டப்பட்டன. அத்தொழிற்சாலையும் 1940 டிசம்பரில் போரின் நெருக்கடியில் பிறந்ததேயாகும்.

ஓர் ஒப்பீடு இங்கே பொருந்தும். 1941இல் கீழ்த்திசைக்கு எத்தனை விமானம் என்பதை லண்டன் முடிவு செய்தது. 1978இல் எந்த விமானம் என்பதை இந்திய நாடாளுமன்றத்துக்குக் கடமைப்பட்ட அரசு முடிவு செய்தது. அதற்கு ஆலோசனை கூறிய தளபதி, பழைய விமானங்களில் பர்மாப் போரைக் கண்டவர். லத்தீஃப் 1981இல் ஓய்வுபெற்று, மகாராஷ்டிர ஆளுநராகவும் பிரான்சில் தூதராகவும் பணியாற்றி, 2018இல் தம் 94ஆம் வயதில் இறையடி சேர்ந்தார்.

கடலின் மறுமுனையில் இன்னொரு பிள்ளை. பினாங்கில் குண்டு விழுந்தபோது இராமேசுவரத்தில் ஏ.பி.ஜே. அப்துல் கலாமுக்கு வயது பத்து. போரினால் இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட, ஓடும் வண்டியிலிருந்து எறியப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்த சிறுவர் அவர். திருச்சி புனித ஜோசப் கல்லூரியிலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்து, விமானியாக விரும்பித் தேர்வில் நூலிழையில் தவறி, 1958இல் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையில் சேர்ந்தார். 1998 பிப்ரவரி 12ஆம் நாள் ரஷ்யாவுடன் கூட்டாக பிரமோஸ் ஏவுகணையை உருவாக்கும் ஒப்பந்தத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் அவரே.

அக்கையெழுத்து தஞ்சைக்கும் வந்து சேர்ந்தது. போருக்குப்பின் பல்லாண்டுகள் வாளாவிருந்த தஞ்சைத் தளம், 2013 மே 27ஆம் நாள் இந்திய விமானப்படையின் முழுத்தளமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2020 ஜனவரி 20ஆம் நாள் 222ஆம் ஸ்குவாட்ரன் சுகோய்-30 விமானங்களுடன் அங்கே நிலைகொண்டது. அவ்விமானங்கள் ஏந்துவது பிரமோஸ் ஏவுகணை. 36ஆம் ஸ்குவாட்ரன் நின்று மறைந்த அதே தளத்தில், இன்று நிற்கும் ஆயுதத்தின் பிறப்பில் இராமேசுவரத்துக் கடற்கரைப் பிள்ளை ஒருவரின் கை இருக்கிறது.

வலிமையும் வரம்பும்

அன்ஃபால் அத்தியாயத்தின் 60ஆவது வசனம், இயன்ற வலிமையைத் தயார் செய்துகொள்ளுமாறு பணிக்கிறது. அங்கே ‘குவ்வத்’ என்னும் சொல் வரம்பின்றிப் பொதுப்படையாக நிற்பதால், ஒவ்வொரு காலத்துக்கும் உரிய வலிமை அதில் அடங்கும் என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். அன்று குதிரை, இன்று விமானம். அத்தயாரிப்பின் நோக்கம் பகைவர் நெருங்க அஞ்ச வேண்டும் என்பதே. அடுத்த வசனமோ, எதிரி சமாதானத்தின் பக்கம் சாய்ந்தால் நீரும் சாய்வீராக என்று வழிகாட்டுகிறது. இவ்விரண்டையும் பிரித்துப் படிப்பது முறையன்று. முதல் வசனத்தை மட்டும் படிப்பவன் ஆயுதத்தில் செருக்குறுவான். இரண்டாவதை மட்டும் படிப்பவன் பினாங்கைப்போல் கையறுந்து நிற்பான்.

புதிய விமானம் கண்டு மகிழும் வேளையிலும் வேறொன்றை நாம் மறத்தலாகாது. 1911இல் தாஜூராவில் விழுந்த குண்டு பின்னர் பினாங்கில் விழுந்தது, ரங்கூனில் விழுந்தது, நம் காலத்தில் காஸாவின் வீடுகள்மீது விழுந்ததைக் கண்ணால் கண்டோம். விழுந்த இடமெல்லாம் மாண்டவர்கள் பெரும்பாலும் எந்தப் போரையும் கேட்காதவர்கள். ஆகவே தன் வானத்துக்குக் காவல் தேடும் மக்கள், பிறர் வானத்தின்மேல் அநீதியாகப் பறக்கமாட்டோம் என்னும் உறுதியையும் உடன் எடுத்தல் வேண்டும்.

ஐரோப்பிய நாடுகள் இன்று வாங்கும் விமானங்களின் கணக்கைச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அக்கணக்கைப் படிக்கையில், 336 வேண்டிய இடத்தில் 158 இருந்த ஒரு டிசம்பர் மாதத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பினாங்கிலும் ரங்கூனிலும் கபன் துணியும் கிடைக்காமல் மண்ணுக்குள் போன நம் சபுராளிகளுக்கு அப்படியாவது நினைவில் ஓரிடம் கிடைக்கட்டும். அவர்கள் அனைவரின் மண்ணறைகளையும் அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. நம் நாட்டுக்கு வலிமையையும், அதை நீதியோடு தாங்கும் நெஞ்சையும் தந்தருள்வானாக. ஆமீன்.